நாலு பேர் கூடிப் பிழை தேடுவது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் விழாக் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நான் தலைப்பை அனுப்பியதும் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "டொக்டர், இது கொம்பியூட்டர் விஷயம் மாதிரிக் கிடக்குதே?" என்று கேட்டார். கொம்பியூட்டர் விஷயம்தான். ஆனால் நான் அதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கல்லூரியில் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று கொழும்பிலும் ரொரன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் அவர்கள் எழுதியதை நம்பி வேலை செய்கிறோம். நான் புற்றுநோயாளர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பவள். ஒரு நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு கதிர் போக வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன். அவ்வளவுதான் போகிறது என்பதற்கு எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு செய்நிரல் பொறுப்பு. அந்தச் செய்நிரலில் உள்ள பிழையை யார், எப்படித் தேடுகிறார்கள் என்பது எனக்கு அந்நிய விஷயம் அல்ல.

எங்கள் துறைக்கு வரும் எவரும் தெராக்-25 என்ற பெயரைக் கேட்காமல் பயிற்சியை முடிப்பதில்லை. கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சு இயந்திரம் அது. பதினொரு இயந்திரங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பொருத்தப்பட்டிருந்தன. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். முந்திய மாதிரியில், பிழையான நிலையில் கதிர் பாயாமல் தடுக்க மின்சுற்றாலும் பொறியாலும் ஆன தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய மாதிரியில் அந்தக் காவல் வேலையின் பெரும்பகுதி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த மென்பொருளைப் பல வருடங்களாக எழுதியவர் ஒரே ஒருவர். 1983இல் நிறுவனம் செய்த பாதுகாப்பு ஆய்வு மென்பொருளில் எஞ்சியிருக்கக் கூடிய பிழைகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதில் பின்னர் வெளிவந்த பிழைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு சாதி.

முதலாவது, ரெக்சாஸ் மாநிலத்தில் ரைலர் என்ற நகரில் தெரியவந்தது. அந்த இயந்திரம் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று இலத்திரன் கற்றை; அது மென்மையானது. மற்றது எக்ஸ் கதிர். அதற்கு மிக வலிய கற்றை வேண்டும், இடையில் ஒரு தடுப்பும் வேண்டும். 1986 மார்ச்சில் ஒரு நாள், இயந்திரத்தை இயக்கியவர் இலத்திரனுக்குரிய எழுத்துக்குப் பதிலாகக் கை தவறி எக்ஸ் என்று தட்டிவிட்டார். உடனே கண்டுகொண்டு மேலே போய்த் திருத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தடவை செய்கிற காரியம். ஆனால் அந்த நேரம் இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்கு எட்டு விநாடி வரை எடுக்கும். அந்த எட்டு விநாடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருளின் ஒரு பகுதி கவனிக்கவே இல்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தடுப்பு இல்லாமல் வலிய கற்றை பாய்ந்தது. நோயாளிக்குக் கிடைக்க வேண்டியதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு கிடைத்தது. திரையில் வந்ததெல்லாம் "கோளாறு 54" என்ற ஒரு வரி. மூன்று கிழமை கழித்து அதே இடத்தில் இன்னொருவருக்கும் அதுவே நடந்தது. அதன் பின்னர் வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் இயக்குநரும் இருந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான் அந்தக் கோளாறை வரவழைத்தார்கள். வேகமாகத் தட்டினால் மட்டுமே அது வரும். மெதுவாகத் தட்டிப் பார்ப்பவர் கண்ணில் அது எத்தனை நாள் போனாலும் படாது.

இரண்டாவது, வொஷிங்ரன் மாநிலத்தில் யக்கிமா நகரில், 1987 ஜனவரியில். மென்பொருளில் ஒரு சிறிய எண் இருந்தது. அது பூச்சியமாக இருந்தால் "சரிபார்க்கத் தேவையில்லை" என்று அர்த்தம். வேறு எதுவாக இருந்தாலும் "சரிபார்" என்று அர்த்தம். எழுதியவர் அதற்கு நிலையான ஒரு பெறுமதியைக் கொடுக்காமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகும்படி எழுதிவிட்டார். அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 255 வரைக்கும்தான் கொள்ளும். வாகனத்தின் மைல்மானி 99999க்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்புவது போல, 256ஆவது தடவை அதுவும் பூச்சியத்துக்குத் திரும்பும். சரியாக அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் சோதனை நடக்காது. ஒரு நோயாளிக்கு அப்படித்தான் நடந்தது.

இந்த இரண்டையும் தவிர்க்க நிறுவனமும் வைத்தியசாலைகளும் செய்யத் தவறியவை வேறு பல உண்டு. முறைப்பாடுகள் வந்தபோது "அப்படி நடக்க வாய்ப்பில்லை" என்று பதில் சொன்னது அவற்றுள் பெரியது. ஒரு வரியைக் குற்றம் சாட்டிவிட்டு நகர்வது நியாயமில்லை. ஆனாலும் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது: எழுதியவரைத் தவிர இன்னும் மூன்று பேர் அந்தச் செய்நிரலை உட்கார்ந்து வாசித்திருந்தால் இவை பிடிபட்டிருக்குமா?

நேர்த்தியாக வாசிக்கும் ஒரு செய்நிரலாளர் 256ஐப் பிடித்திருக்கக்கூடும். எட்டு விநாடியை அவர் பிடித்திருப்பாரா என்பது சந்தேகம். "நான் அவசரத்தில் மாற்றித் தட்டினால் என்ன நடக்கும்?" என்ற கேள்வி, நாள் முழுக்க அந்த விசைப்பலகையில் தட்டுகிறவருக்குத்தான் வரும்.

மென்பொருளை இயக்கிப் பார்க்க முன்னரே சிலர் கூடி வரி வரியாக வாசித்துப் பிழை தேடும் வழக்கம் பழையது. அதற்கு ஒழுங்கான ஒரு முறை வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கல் ஃபேகன். 1976இல் அதை எழுதி வெளியிட்டார். நாலு பேர் அளவிலான குழு. ஒருவர் நடத்துநர். எழுதியவரும் இருப்பார், ஆனால் தலைமை தாங்க மாட்டார். இன்னொருவர் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று தன் சொந்த வார்த்தையில் சொல்லிக்கொண்டு போவார். எழுதியவரே விளக்கினால் அவர் நினைத்ததைச் சொல்வார், எழுதியதைச் சொல்ல மாட்டார் அல்லவா? ஒரு அமர்வு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகு கண் பார்க்கும், மூளை பார்க்காது. கூட்டத்தில் பிழையைக் குறிக்கலாம், திருத்த ஆரம்பிக்கக் கூடாது. நல்ல விதிகள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கும் எவருக்கும் இவை பிடிக்கும்.

ஆனால் ஃபேகன் ஒன்றை நம்பினார். பிழைகளின் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தில்தான் வெளிவரும், முன்னரே தனித்து வாசிப்பது விளங்கிக்கொள்வதற்கு மட்டும்தான் என்பது அவர் கருத்து. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பொறி தட்டும் என்று அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். பதினேழு வருடம் கழித்து, 1993இல், பெல் ஆய்வுகூடத்தின் லோறன்ஸ் வொட்டா அதை எண்ணிப் பார்த்தார். எந்தப் பிழையை வாசகர் ஏற்கனவே தன் தாளில் குறித்துக்கொண்டு வந்தார், எது கூட்டத்தில் புதிதாகப் பிறந்தது என்று பிரித்துக் கணக்கெடுத்தார். கூட்டத்தில் புதிதாக வந்தது நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் இருந்தது. மற்றவை எல்லாம் தனியே இருந்து வாசித்தபோதே அகப்பட்டவை. ஒரு கூட்டத்தில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் உண்மையாகக் கதைக்கிறார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். எல்லோருக்கும் ஒத்த நாள் பார்த்துக் கூட்டத்தை வைப்பதற்குள் நாட்கள் ஓடிவிடுவதையும் சேர்த்துச் சொன்னார். சங்கக் கூட்டம் கூட்டியவர்களுக்கு இது புதிதாக இராது.

அப்படியானால் தனித்து வாசிப்பதைத்தான் மேம்படுத்த வேண்டும். எப்படி? இரண்டு வருடம் கழித்து அடம் போர்ட்டர், வொட்டா, விக்டர் பசிலி மூவரும் வெளியிட்ட பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்துக் கணினி விஞ்ஞானப் பட்டப்பின் மாணவர்களை மூன்று விதமாக வாசிக்க விட்டார்கள். ஒரு சாராருக்கு எந்த வழிகாட்டலும் இல்லை. ஒரு சாராருக்கு வழக்கமான சரிபார்ப்புப் பட்டியல். மூன்றாம் சாராரில் ஆளுக்கொரு தனிப் பொறுப்பு: நீ இந்த வகைப் பிழையை மட்டும், இந்த வழியாகத் தேடு. பட்டியல் வைத்திருந்தவர்கள், ஒன்றும் இல்லாதவர்களை விட நன்றாகச் செய்யவில்லை. தனிப் பொறுப்பு இருந்த குழுக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கண்டுபிடித்தன. அதன் பிறகு நாசாவில் வேலை செய்த பொறியியலாளர்களிடமும் இதை ஒத்த முறை பரீட்சிக்கப்பட்டது. அங்கே ஒருவர் பாவனையாளராக வாசிப்பார், ஒருவர் வடிவமைப்பாளராக, ஒருவர் சோதிப்பவராக. வெறுமனே "கவனமாகப் பார்" என்று சொல்லாமல், கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்கள்: இதைப் பாவிப்பவர் என்னென்ன செய்வார் என்று எழுதிக்கொண்டே வா, எழுத முடியாத இடத்தில் பிழை இருக்கும்.

பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பட்டியலுக்கு எதிரி அல்ல. சத்திரசிகிச்சைக்கு முன் வாசிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் உயிர்களைக் காத்தது. ஆனால் அது செய்ய வேண்டியதை மறக்காமல் இருப்பதற்கு. இன்னும் யாருக்கும் தெரியாத பிழையைத் தேடும்போது, எல்லோர் கையிலும் ஒரே பட்டியல் இருந்தால் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆட்களைக் கூட்டினால் சரிவருமா? தொலைபேசிப் பரிமாற்றக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிய ஒரு நிறுவனத்தில், உண்மையான வேலையின் நடுவே, போர்ட்டரும் வொட்டாவும் மற்றவர்களும் அதையும் பார்த்தார்கள். ஒருவர் வாசிப்பதை விட இருவர் மேல். ஆனால் நால்வர் வாசித்தது இருவர் வாசித்ததை விட மேலாக இருக்கவில்லை. எங்கள் நூற்றாண்டு அழைப்பிதழை இருபது பேர் "பார்த்தோம்" என்றார்கள். எத்தனை பேர் வாசித்தோம் என்று நான் கேட்கவில்லை.

தனித்து வாசிப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. இது கணினிக்காரர் உயிரியலில் இருந்து எடுத்துக்கொண்டது. நோய்ப் பரவலை ஆராயும் எங்கள் ஆட்களும் பாவிக்கிறார்கள். குளத்தில் எத்தனை மீன் என்று அறிய, கொஞ்சத்தைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுபடி வலை போட்டு அடையாளமிட்டவை எத்தனை என்று பார்ப்பார்கள் அல்லவா? அதே கணக்கு. ஒரு வாசகி 12 பிழை கண்டார் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் 10 கண்டார். இரண்டு தாளிலும் பொதுவாக இருப்பது 6. இரண்டாம் வாசகி கண்ட பத்தில் ஆறு முதலாமவருக்கு ஏற்கனவே அகப்பட்டவை. ஆகவே முதலாமவர் மொத்தத்தில் பத்துக்கு ஆறு பங்கைப் பிடித்திருக்கிறார் என்று கொள்ளலாம். அப்படியென்றால் மொத்தம் 20 அளவில் இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து கண்டது 16. ஒருவர் கண்ணிலும் படாத நாலு இன்னும் உள்ளே இருக்கிறது. எல்லாப் பிழையும் ஒரே மாதிரி இலகுவில் தெரிவதில்லை, ஆதலால் இது மதிப்பீடுதான். ஆனாலும் "முடிந்தது, வெளியில் விடலாமா" என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி! இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கும். இரண்டு வாசகிகளும் வாசித்து முடியும்வரை ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. பக்கத்துக் கொப்பியைப் பார்த்தெழுதினால் எல்லாம் பொதுவாக வரும், மிச்சம் பூச்சியம் என்று கணக்குப் பொய் சொல்லும்.

இனி என் சொந்த அனுபவம். நான் முன்னர் வேலை செய்த ஓரிடத்தில், புற்றுநோய் மருந்தின் அளவைக் கணித்து, தாதியருக்கான தாளை அச்சிட்டுத் தரும் ஒரு செய்நிரலை இளைஞர் சிலர் எழுதித் தந்தார்கள். அதைப் பரிசீலிக்க ஒரு கூட்டம் வைக்கப்பட்டது. பதினான்கு பேர், பெரிய திரை, றோல்ஸ், தேநீர். ஒன்றரை மணித்தியாலத்தில் நாங்கள் கண்டுபிடித்தவை: இலச்சினை இடப்பக்கம் இருக்க வேண்டும், தலைப்பின் நிறம் கண்ணைக் குத்துகிறது, ஓரிடத்தில் எழுத்துப் பிழை. பெரியவர் ஒருவர் ஆரம்பத்திலேயே "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்?

பாவனைக்கு விட முன் இன்னொரு முறை பார்க்க அனுமதி கேட்டேன். இந்தத் தடவை மூன்று பேர்தான். திரைகளையும் கணக்குப் பகுதியையும் அச்சிட்டு, ஆளுக்கு அரைத்தாளில் ஒரு வேலை எழுதிக் கொடுத்தேன். வாட்டில் வேலை செய்யும் மிஸிக்கு: இரவு இரண்டு மணிக்கு, மூன்று நோயாளிகள் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது, இந்தத் தாளை வைத்து மருந்து ஏற்றுவதாக எண்ணி ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். மருந்தாளருக்கு: இந்தத் தாளைப் பார்த்து மருந்தைக் கலக்கிறீர்கள், எங்கே இரண்டு விதமாக வாசிக்கலாம்? செய்நிரல் எழுதத் தெரிந்த, ஆனால் இதை எழுதாத ஒருவருக்கு: ஒவ்வொரு எண்ணும் பூச்சியமானால், வெறுமையானால், மாறினால் என்ன? இரண்டு நாள் அவகாசம். ஒருவரோடொருவர் பேசக் கூடாது.

மிஸி கண்டது இது. நோயாளியின் நிறை குறைந்துவிட்டால் வைத்தியர் புதிய நிறையைப் பதிவார். திரையில் மருந்தளவு மாறும். ஆனால் முன்னரே அச்சிட்ட தாள் வாட்டில் பழைய அளவோடு தொங்கும். எது புதியது என்று தாளில் ஒரு அடையாளமும் இல்லை. அவருக்கு ஒரு வரி செய்நிரலும் வாசிக்கத் தெரியாது. மருந்தாளர் கண்டது, 5 என்று வர வேண்டிய இடத்தில் 5.0 என்று வருவது. மை மங்கினால் புள்ளி மறையும், ஐந்து ஐம்பதாகும். மருந்துத் தாளில் புள்ளிக்குப் பின் வெறும் பூச்சியம் போடக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் வருடப் பாடம். எழுதிய பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாமவர் கண்டது, உயரத்தைப் பதியாமல் விட்டால் முந்திய நோயாளியின் உயரத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பது. மூன்று தாளிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் வந்தது. ஏன் என்று மீன் கணக்குத் தெரிந்த உங்களுக்கு விளங்கும். ஆளுக்கொரு வேலை கொடுத்தால் தாள்கள் ஒத்துப்போவது குறையத்தான் செய்யும். ஆனாலும் இன்னொரு சுற்று வாசிக்காமல் பாவனைக்கு விடுவதில்லை என்று முடிவாயிற்று.

பிறகுதான் கூட்டம். அரை மணித்தியாலம். கூட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழை என்று குறித்தது உண்மையில் பிழைதானா என்று தெளிவதற்கும், யார் எப்போது திருத்துவது என்று பொறுப்புக் கொடுப்பதற்கும், புதியவர்கள் கற்றுக்கொள்வதற்கும் கூட்டம் தேவை. ஆனால் தேடுவதற்கு அது இடமல்ல. அதில் இளையவர் முதலில் பேச வேண்டும், தலைமையில் உள்ளவர் கடைசியில் என்று ஒழுங்கு வைத்தோம். மிஸி தன் தாளை வாசித்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமமான காரியம் என்று தெரியும்.

எழுதிய தம்பியின் முகம் கறுத்துத்தான் போனது. எங்கள் மொழியில் "பிழை பிடிக்கிறது" என்பதே ஒரு வசைதானே. மாமியாரைப் பற்றிச் சொல்லும் குறை அது. ஃபேகன் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார். பரிசீலனையில் எத்தனை பிழை வந்தது என்பதை எழுதியவரின் திறமையை அளக்க மேலதிகாரி பாவிக்கக் கூடாது என்பது அவர் முறையில் கண்டிப்பான விதி. அது மீறப்பட்டால் அடுத்த தடவை நண்பர்கள் ஒருவர் பிழையை ஒருவர் மறைப்பார்கள். நாங்கள் பிழைத் தாளில் பெயர் எழுதவில்லை. "நீர் இதை விட்டுவிட்டீர்" என்று பேசாமல் "இந்த வரி இதைச் செய்கிறது" என்று பேச ஒப்புக்கொண்டோம். இரண்டாம் சுற்றுக்குத் தம்பி தானாகவே வந்து, "டொக்டர், அந்த மிஸிதான் திரும்பவும் வாசிக்க வேணும்" என்று கேட்டார்.

இப்போது செய்நிரலைக் கணினியே எழுதித் தருகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எழுதுவது வேகமாகிவிட்டது, வாசிக்கும் கண்ணின் வேகம் பழையதுதான். ஃபேகனின் வழியில் வந்தவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு நூறு, நூற்றைம்பது வரிக்கு மேல் வாசிக்காதீர்கள் என்றார்கள். ஆயிரம் வரியை ஐந்து நிமிடத்தில் "சரி" என்று அனுப்பிவிடுகிற பழக்கம் எங்கள் பழைய மாணவிகளில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வைத்தியசாலைக்கு எழுதும் மென்பொருளில் அதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொன்ன அந்தச் செய்நிரலில் சிறுவர்களுக்கான மருந்தளவுப் பகுதி இப்போது எழுதி முடிந்திருக்கிறது. பாவனைக்கு விட முன் வாசிக்க எனக்கு ஆட்கள் வேண்டும். செய்நிரல் தெரிந்த இருவர், தெரியாத இருவர். தாயாக இருந்து பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர், பாடசாலையில் கணக்குத் தாள் திருத்தியவர் யாராயினும் நல்லது. வெளிநாட்டில் இருந்தும் வாசிக்கலாம். அரை நாள் வேலை. வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், பெயரை எழுதிவிட்டுப் போங்கள். வாசித்து முடியும்வரை ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. ஒரே வகுப்புத் தோழிகளால் அது முடியாது என்று எனக்குத் தெரியும், ஆகவே வெவ்வேறு ஆண்டு மாணவிகளாகப் பார்த்துத்தான் தெரிவு செய்வேன்.